வானலை வலுவும் திருத்தும் உரிமையும்

நூலொன்றிற் பிழை காணப்படின் அதனைத் திருத்துவது அறிஞர் கடன் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. சட்டமொன்றிற் குறை காணப்படின் அதனைச் சுட்டிக்காட்டுவது குடிமக்கள் கடன் என்பதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்றே. ஆனால், சட்டமே கணினி நிரலாக எழுதப்பட்டு, அந்நிரல் ஒரு சிறு பெட்டிக்குள் இடப்பட்டு, அப்பெட்டியும் பூட்டப்பட்டுவிடுமாயின் அதிலுள்ள பிழையை வாசிக்கவும் திருத்தவும் உரிமையுடையோர் யாவர்? இவ்வினாவைப் பொறியியலாளரின் உள்வீட்டு விவகாரமென்று ஒதுக்கிவிடும் போக்குக் கலைப்பீடங்களில் மலிந்து காணப்படுகின்றது. அப்போக்குத் தவறானது என்பதையும், பூட்டுக்கு ஆதரவாகவும் எதிராகவும் இன்று எழுப்பப்படும் கூச்சல்களில் இரு சாராருமே உண்மையின் ஒரு பாதியை மறைக்கின்றனர் என்பதையும் நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

மடிக்கணினி, கைத்தொலைபேசி, வீட்டு மூலையில் விளக்குகள் மினுங்க வைக்கப்பட்டிருக்கும் வழிப்படுத்தி ஆகிய ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறு வானொலி நிலையம் உண்டு. கேட்பது மட்டுமன்றிப் பேசுவதும் அதன் தொழில். எந்த மீடிறனில், எவ்வளவு உரத்துப் பேசுவது என்பதை அதற்குக் கட்டளையிடுவது இயக்கி நிரல் எனப்படும் மென்பொருளாகும். கணினியின் பணிசெயல் முறைமைக்கும் வானொலிச் சில்லுக்கும் இடையே நின்று மொழிபெயர்ப்பாளனாக அது தொழிற்படுகின்றது.

உரத்துப் பேசும் அளவுக்குச் சட்டம் எல்லை வகுத்துள்ளது. வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹேட்ஸ் பட்டையில் ஐரோப்பிய நாடுகள் அன்ரெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 100 மில்லிவாற்றுக்கு மேற்பட்ட வலுவை அனுமதிப்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவோ அன்ரெனாவுக்குச் செல்லும் வலுவாகவே 1 வாற்று வரை இடமளிக்கின்றது. ஒரே சில்லு இரு நாடுகளிலும் விற்கப்படுகின்றது. ஆதலின் எந்நாட்டில் எந்த எல்லைக்குக் கட்டுப்படுவது என்பதை வன்பொருள் தீர்மானிப்பதில்லை. நிரலிலுள்ள ஓர் எண்ணே தீர்மானிக்கின்றது. பாராளுமன்றங்களும் ஆணைக்குழுக்களும் இயற்றிய விதி இறுதியில் நடைமுறைக்கு வருவது இவ்வெண்ணின் வாயிலாகவேயாம்.

அவ்வெண் பெறப்படும் முறை எளியதன்று. முதலாவதாக, அந்நாட்டில் அவ்வலைவரிசைக்குச் சட்டம் விதித்த உச்ச எல்லை உண்டு. இரண்டாவதாக, தொழிற்சாலையிற் சோதித்து ஒவ்வொரு அட்டையின் நினைவகத்திலும் பொறிக்கப்பட்ட அளவீடுகள் உண்டு. மூன்றாவதாக, பயன்படுத்துவோர் வேண்டிக்கொள்ளும் அளவு. இம்மூன்றனுள் மிகக் குறைந்ததையே நிரல் தேர்ந்தெடுத்தல் வேண்டும். அத்துடன், அன்ரெனா வலுவை ஒரு திசையிற் குவிக்குமாயின் அப்பெருக்கத்தைக் கழித்தல் வேண்டும். இரண்டு அன்ரெனாக்கள் ஒருங்கே ஒலிபரப்பின் ஒவ்வொன்றின் வலுவையும் அரைவாசியாக, அஃதாவது 3 தெசிபெல்லினாற் குறைத்தல் வேண்டும்.

இக்கணக்கில் எங்கும் பிழை நுழையலாம். ஒரேயோர் உதாரணம் போதுமானது. சட்டங்கள் வலுவை ஒரு மில்லிவாற்றை அடிப்படையாகக் கொண்ட தெசிபெல்லிற் கூறுகின்றன. அக்கணக்கில் 20 தெசிபெல் என்பது 100 மில்லிவாற்று. சில்லுகள் பலவோ அரைத் தெசிபெல்லை அலகாகக் கொண்டுள்ளன. ஆகவே 20 தெசிபெல்லைக் குறிக்க அவற்றுக்கு 40 என எழுதுதல் வேண்டும். இவ்வலகு வேறுபாட்டை நிரலெழுதுவோர் மறந்து, 40 எழுதவேண்டிய இடத்தில் 20 என்று எழுதிவிட்டால் வலு 10 தெசிபெல்லாக, அஃதாவது 10 மில்லிவாற்றாகச் சுருங்குகின்றது. சட்டம் அனுமதித்ததில் பத்திலொரு பங்கே கிடைக்கின்றது. தடையற்ற வெளியிற்கூட அலை எட்டும் தூரம் ஏறத்தாழ மூன்றிலொன்றாகின்றது. மறுதலையாக, 40 என்ற எண்ணை முழுத் தெசிபெல்லெனப் பிழையாகக் கொள்ளின் அது 10 வாற்றைக் குறிக்கும். சிறு சில்லு அவ்வளவைத் தரமாட்டாது எனினும், தரவியன்ற எல்லைவரை முயன்று, தன் அலையைச் சிதைத்து, அயல் அலைவரிசைகளையும் குழப்பும்.

இவ்வாறு ஓரலகு பிறழ்ந்தமையால், அன்ரெனாப் பெருக்கத்தை இருமுறை கழித்தமையால், அல்லது ஒருமுறையேனும் கழியாது விட்டமையால் நேரும் பிழைகள், எந்தத் தீயநோக்கமும் இன்றியே நேர்வன. நல்லெண்ணங் கொண்ட நிரலாளரும் பிழைவிடுவர். எனவே வினா, பிழை நேருமா என்பதன்று. நேர்ந்த பிழையை யார் காண்பார், யார் திருத்துவார் என்பதேயாம்.

2

இந்நிரலைப் பொதுமக்கள் காணலாகாது என்று வாதிடுவோர் உளர். அவர்தம் வாதம் வருமாறு: மூலநிரல் திறந்திருப்பின் எவரும் அதனுட் புகுந்து வலுவை உயர்த்துவர், தடைசெய்யப்பட்ட மீடிறன்களிற் பேசுவர், ஆகவே சட்டத்துக்குப் பணியும் உற்பத்தியாளர் நிரலை மறைத்தே வைத்தல் வேண்டும். சட்டத்தின் பெயரால் எழுப்பப்படும் இவ்வாதத்தை வரலாற்றில் வைத்து நோக்குதல் பயன்தரும்.

இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அதெரோஸ் நிறுவனத்தின் சில்லுகளை லினக்ஸில் இயக்க மாட்வைஃபை என்னும் இயக்கி பயன்பட்டது. அதன் பெரும்பகுதி திறந்ததாயினும், சில்லை நேரடியாகத் தொடும் பகுதி மட்டும் வாசிக்கவியலாத இருமக் கோப்பாகவே வழங்கப்பட்டது. ஒலிபரப்புச் சட்டமே அதற்குக் காரணமெனக் கூறப்பட்டது. இன்டெல் நிறுவனமும் 2006 இல் வெளியிட்ட தனது இயக்கியோடு, சட்ட எல்லைகளைக் கண்காணிக்கவென ஒரு மூடிய நிரலை இணைத்திருந்தது. அந்நிரல் ஓடினாலன்றி வானொலி பேசாது. அதே திசையில், 2007 இல் ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு, முற்றிலும் திறந்த மூலத்திற் தங்கியுள்ள வானொலி தான் பாதுகாப்பானது என நிறுவப் பெருஞ்சுமையைத் தாங்கவேண்டியிருக்கும் என்ற கருத்தைத் தன் ஆணையில் இடம்பெறச் செய்தது.

பின்னர் நிகழ்ந்ததென்ன? ஓப்பன்பிஎஸ்டி அமைப்பைச் சார்ந்தோர் 2004 ஆம் ஆண்டளவிலேயே அதெரோஸ் சில்லின் நடத்தையை ஆராய்ந்து, மூடிய பகுதிக்கு ஈடான திறந்த நிரலைத் தாமே எழுதிவிட்டனர். இன்டெல் தன் கண்காணிப்பு நிரலை 2007 இற் கைவிட்டு, வேறு வடிவிலமைந்த புதிய இயக்கியை வெளியிட்டது. அதெரோஸ் நிறுவனமே 2008 இல் தனது புதிய சில்லுகளுக்கான இயக்கியைத் திறந்த மூலமாக வெளியிட்டதுடன், அதுவரை மறைத்துவைத்த பழைய பகுதியின் மூலத்தையும் வெளிப்படுத்தியது. நேற்றுவரை சட்டம் தடுக்கின்றது என்று சொல்லப்பட்டது, சட்டம் மாறாதிருக்கவே, மறுநாள் இயலுவதாயிற்று. அச்சில்லுகளும் தொடர்ந்து சான்றிதழ் பெற்றன, தொடர்ந்து விற்கப்பட்டன. எனவே, மறைப்புக்குச் சட்டம் காட்டப்பட்டதாயினும் சட்டம் மறைப்பைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது தெளிவாகின்றது. சந்தையிற் போட்டியாளருக்குத் தம் இரகசியம் சென்றுவிடும் என்ற வணிக அச்சம், பொதுநலன் என்னும் போர்வையைப் போர்த்து உலவுவது புதியதொன்றன்று.

3

எனினும் எதிர்வாதத்தின் வலிமையான பகுதியை மறைத்துவிட்டுப் பெறும் வெற்றி வெற்றியாகாது. வானலை ஒழுங்கு குலைந்தால் உண்மையான ஆபத்து உண்டு. 2009 இல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் யுவான் விமான நிலையத்துக்குரிய வானிலை ராடாரிற் குறுக்கீடுகள் காணப்பட்டன. விமானங்கள் தரையிறங்கும் வேளையில் திடீரெனத் திசையும் வேகமும் மாறும் காற்றை முன்னறிவிப்பதே அந்த ராடாரின் பணி. 5600 முதல் 5650 மெகாஹேட்ஸ் வரையிலான மீடிறன்களில் அது தொழிற்படுகின்றது. குறுக்கீட்டுக்குக் காரணம், அதே பட்டையில் வெளிப்புறங்களிற் பொருத்தப்பட்டிருந்த கம்பியில்லா இணையச் சாதனங்கள் என்பது விசாரணையில் தெரியவந்தது. ராடாரின் துடிப்பைக் கேட்டவுடன் அவ்வலைவரிசையை விட்டு விலகும் ஏற்பாடு அச்சாதனங்களுக்கு விதிக்கப்பட்டிருந்தும், அது சிலவற்றில் முறையாகத் தொழிற்படவில்லை. சேவை வழங்குநர் சிலர்மீது ஆணைக்குழு தண்டப்பணம் விதித்தது.

விமானத்திலிருக்கும் பயணிக்கு, நிரலைத் திருத்தும் உரிமை பற்றிய தத்துவம் ஆறுதலளிக்கமாட்டாது. ஆகவே எல்லை வேண்டும். எல்லையை மீறுவோருக்குத் தண்டனையும் வேண்டும். இதில் விவாதமில்லை. விவாதம் யாதெனின், பூட்டு அவ்வெல்லையைக் காக்கின்றதா என்பதாகும்.

ஆணைக்குழு 2014 இற் புதிய விதிகளை வகுத்தது. 5 கிகாஹேட்ஸ் சாதனங்களின் வானொலி அமைப்புகளைப் பிறர் மாற்றாதவாறு உற்பத்தியாளர் தம் மென்பொருளைக் காப்பிடல் வேண்டும் என்று அவை விதித்தன. 2015 மார்ச்சில் வெளியான வழிகாட்டல் ஆவணமொன்று, திறந்த மூல நிலைபொருளொன்றைப் பெயர்சுட்டியே, அதனை நிறுவமுடியாதவாறு சாதனம் எவ்வாறு காக்கப்படுகின்றது என வினவியது. வானொலிக்கு மட்டும் பூட்டிடுவது செலவுமிக்கது. முழுப் பெட்டியையும் பூட்டுவதோ எளிது. எனவே உற்பத்தியாளர் எளியதையே நாடுவர் என்ற அச்சம் எழுந்தது. எதிர்ப்பு வலுத்தபின், அதே ஆண்டு நவம்பரில் அவ்வாவணம் திருத்தப்பட்டது. ஆயினும் அச்சம் வீணன்று. டிபி-லிங்க் நிறுவனம் தன் வழிப்படுத்திகளில் வேற்று நிலைபொருளை நிறுவவியலாதவாறு பூட்டிட்டது.

அதே நிறுவனத்தின் கதையில் அடுத்து வருவதுதான் மனங்கொள்ளத்தக்கது. 2016 ஆகஸ்டில் அந்நிறுவனம் ஆணைக்குழுவுக்கு 200,000 டொலர் தண்டப்பணம் செலுத்த உடன்பட்டது. குற்றம் யாது? அதன் வழிப்படுத்திகள் சில, அனுமதிக்கப்பட்டதிலும் கூடிய வலுவில் ஒலிபரப்பவல்லனவாக ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்பட்டிருந்தன. நாட்டைத் தெரிவுசெய்யும் அமைப்பைப் பயனர் மாற்றுவதற்கு நிறுவனத்தின் சொந்த நிலைபொருளே இடந்தந்திருந்தது. திறந்த மூலக்காரர் எவரும் அதனுட் புகவில்லை. எந்த மாணவனும் எண்ணைத் திருத்தவில்லை. சட்டத்தைக் காப்பவராகத் தம்மை முன்னிறுத்திய உற்பத்தியாளரின் மூடிய நிரலிலேயே சட்டம் மீறப்பட்டிருந்தது. இதனை உணர்ந்தமையாற் போலும், அந்நிறுவனம் திறந்த மூலச் சமூகத்தாருடன் ஒத்துழைத்து வேற்று நிலைபொருளுக்கு வழிசமைத்தல் வேண்டும் என்பதும் அவ்வுடன்பாட்டிற் சேர்க்கப்பட்டது. பூட்டுக்காக வாதிடுவோர் இந்நிகழ்ச்சியைப் பற்றி வாய்திறப்பதில்லை.

4

இனி, மறுசாராரின் பிழையையும் கூறாதுவிடின் இவ்வாதம் ஒருபக்கச் சார்புடையதாகிவிடும். திறந்த மூலம் என்றவுடன் கட்டுப்பாடற்ற வலு என்று பொருள்கொண்டு குதூகலிப்போர் தொகை சிறிதன்று. வேறொரு நாட்டின் பெயரைத் தெரிவுசெய்து எல்லையைத் தளர்த்துவதை அவர்கள் விடுதலை என அழைக்கின்றனர். தம் அறைக்குள் அலை வலுவாகக் கிடைத்தால் அயலாரின் அறையில் என்ன நேர்ந்தாலென்ன என்பதே அவ்விடுதலையின் உள்ளீடு. பொதுக்கிணற்றில் இரவோடிரவாகத் தனக்கென நீர் இறைக்கும் இயந்திரம் பூட்டுவோனின் விடுதலையிலும் இது வேறானதன்று.

அறியாமையும் இதிற் கலந்துள்ளது. வைஃபை என்பது இருவழி உரையாடல். வழிப்படுத்தியின் வலுவை எவ்வளவு உயர்த்தினும், மறுமுனையிலுள்ள கைத்தொலைபேசியின் சிறு குரல் அதனாற் பெரிதாவதில்லை. திரையிற் கோடுகள் நிறைந்து தோன்றும். தொடர்போ அறுந்து அறுந்து வரும். மேலும், பெருக்கியை அதன் ஆற்றலுக்கு அப்பாற் செலுத்தும்போது அலை சிதைகின்றது. மிக நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டு தரவைச் சுமக்கும் உயர்வேக முறைகள் அச்சிதைவை முதலில் தாங்கமாட்டாது வீழ்வன. தொழிற்சாலை அளவீடுகளில் வேகம் கூடுந்தோறும் வலு குறைத்து எழுதப்பட்டிருப்பதன் காரணம் இதுவேயாம். வலுவை உயர்த்தினோன் வேகத்தை இழக்கின்றான். அயலாரின் அமைதியையும் கெடுக்கின்றான்.

ஆகவே, திருத்தும் உரிமை வேறு; மீறும் உரிமை வேறு. முன்னையது பொதுவான ஒன்றைப் பொதுவாகவே பேணுவதற்கான கடமையிலிருந்து பிறப்பது. பின்னையது உரிமையே அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டுவதிற் பூட்டுவோரும் மீறுவோரும் விந்தையான முறையில் ஒன்றுபடுகின்றனர். திறந்த நிரல் என்றால் மீறல் என்று முன்னவர் அச்சுறுத்துகின்றனர். அதையே பின்னவர் பெருமையாகப் பேசித் திரிகின்றனர். நிரலிலுள்ள 20 ஐ 40 ஆக்குவது ஓரிடத்தில் நேர்மையான திருத்தமாகவும், வேறோரிடத்திற் குற்றமாகவும் இருக்கலாம். இரண்டையும் வேறுபடுத்துவது எண்ணன்று. அவ்வெண்ணுக்குக் காட்டப்படும் நியாயமும், அந்நியாயத்தைப் பிறர் பார்த்துச் சரிபிழை கூறும் வாய்ப்புமேயாம்.

5

அவ்வாய்ப்பு வெறுங்கனவன்று, நடைமுறையில் உள்ளது. லினக்ஸுக்கென நாடுவாரியாக ஒலிபரப்பு எல்லைகளைத் தொகுத்த தரவுத்தளமொன்று பேணப்பட்டு வருகின்றது. எந்நாட்டில், எம்மீடிறனில், எவ்வளவு வலு என்பது அதில் எவரும் வாசிக்கத்தக்க சாதாரண வரிகளாக எழுதப்பட்டுள்ளது. இலங்கைக்கும் அதில் இடமுண்டு. பிழை கண்டோர் திருத்தம் அனுப்பலாம். ஆயின் அந்நாட்டு அதிகாரபூர்வ ஆவணத்தைச் சான்றாகக் காட்டுதல் வேண்டும். ஏற்கப்பட்ட தரவுத்தளம், இடையில் எவரும் இரகசியமாக மாற்றாதவாறு, பராமரிப்போரின் எண்முறைக் கையொப்பத்துடன் வெளியாகின்றது. நாடு எதுவெனத் தெரியாவிடின் எங்கும் தீங்கு விளைக்காத மிக இறுக்கமான எல்லையே கைக்கொள்ளப்படும். சில்லினுள் ஓர் எல்லையும் பயனர் கூறும் நாட்டுக்கு வேறோர் எல்லையும் இருப்பின் இரண்டுக்கும் பொதுவான பகுதியே அனுமதிக்கப்படும். இதிலே திறப்பும் உண்டு, கட்டுப்பாடும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று அழிப்பன என்ற கூற்று இங்கு பொய்த்துவிடுகின்றது. மூலநிரலை முற்றாக மாற்றியெழுதும் கெட்டிக்காரன் இவற்றையும் மீறலாம் என்பது உண்மையே. ஆயின் அத்தகையோன் மூடிய பெட்டிக்கும் அஞ்சமாட்டான். அவனுக்குரியது அலையை அளந்து பிடிக்கும் கருவியும் சட்டமுமேயன்றி, ஏனையோர் அனைவரின் கண்ணையும் கட்டும் துணியன்று.

தமிழிலக்கிய மாணவருக்கு இது அந்நியமான செய்தியன்று. ஒரு வீட்டுப் பரணிற் கிடந்த ஏடு புனிதமானது, பிறர் கைபடலாகாது என்று காக்கப்பட்டபோது அதனைக் காத்தது செல்லே. கலித்தொகையை 1887 இற் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, அச்சில் ஏற்றிப் பலர் கண்ணுக்கும் விருந்தாக்கியபோதுதான் பாடங்களின் பிழை வெளிப்பட்டது. பின்வந்தோர் அவர்தம் பதிப்பையும் திருத்தமுடிந்தது. மனம்போனவாறு பாடத்தை மாற்றுவோர் தோன்றுவர் என்று அஞ்சி ஏட்டைப் பரணிலேயே வைத்திருத்தல் வேண்டும் என எவரும் இன்று வாதிடார். மாற்றுவோனைக் கண்டுபிடிப்பதற்கும் பல பிரதிகள் வெளியில் இருத்தல் வேண்டும்.

6

இவ்விவாதத்தில் தோற்போர் யார் என்பதையும் நோக்குதல் வேண்டும். மூடிய நிரலில் வலு தவறுதலாகக் குறைந்திருப்பின், வசதியுள்ளோன் மற்றொரு பெட்டியை வாங்கிவிடுவான். நீண்ட கட்டடமொன்றின் கடைசி வகுப்பறைக்கு அலை எட்டாத பாடசாலையோ, ஒரே பழைய வழிப்படுத்தியை நம்பியிருக்கும் கிராமத்து நூலகமோ அவ்வாறு செய்யவியலாது. உற்பத்தியாளர் அவ்வுருப்படிக்கு ஆதரவை நிறுத்திவிட்டாராயின், ஒரு வரியிலே திருத்தத்தக்க பிழைக்காக நல்ல கருவி குப்பைக்குச் செல்கின்றது. சட்டம் அளித்த 100 மில்லிவாற்றில் 90 ஐ ஒரு பிழையால் இழந்தோர், தாம் இழந்ததையே அறியார். உரத்துப் பேசும் பிழைக்காகத் தண்டிக்க ஆணைக்குழு உண்டு. குரல் நெரிபட்ட பிழையை விசாரிக்க எவருமில்லர். அதனைக் காணக்கூடியது திறந்த நிரலை வாசிக்கும் கண் ஒன்றே.

இதனாலேயே 2015 ஒக்டோபரில், இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளை வகுத்தோருள் ஒருவரான விண்ட் சேர்வ் உட்பட 250 இற்கு மேற்பட்ட வல்லுநர்கள் ஆணைக்குழுவுக்கு மாற்று யோசனையொன்றை அனுப்பினர். நிரலைப் பூட்டுமாறு உற்பத்தியாளரைப் பணிப்பதற்குப் பதிலாக, வானொலியை இயக்கும் நிரலின் மூலத்தை வெளியிட்டுத் தொடர்ந்து பேணுமாறு பணித்தல் வேண்டும் என்பது அதன் சாரம். அந்த யோசனை முழுமையாக ஏற்கப்படவில்லை. ஆயினும் பிரச்சினையைச் சரியான இடத்தில் நிறுத்தியது அதுவேயாகும்.

வானலை எவரும் உற்பத்தி செய்த பண்டமன்று; அது அனைவர்க்கும் பொது. பொதுவானதற்கு எல்லை வகுக்கும் சட்டமும் பொதுவாக வாசிக்கத்தக்கதாதல் வேண்டும். அச்சட்டம் இன்று ஓர் இயக்கி நிரலின் சில வரிகளில் வாழ்கின்றதெனின், அவ்வரிகளையும் வாசிக்கத் தருதல் வேண்டும். எல்லையை மீறி ஒலிபரப்புவோனை, அவன் தனியாளாயினும் நிறுவனமாயினும், அலையை அளந்து தண்டிக்கட்டும். சான்றிதழ் வழங்கும் ஆணைக்குழுக்கள், பெட்டி பூட்டப்பட்டுள்ளதா என்று கேட்பதை விடுத்து, அதனுள்ளிருக்கும் எண் சரியானதா, சரியென்பதை யார் யார் சோதிக்கமுடியும் என்று கேட்கட்டும். அவ்வினா கேட்கப்படும்வரை, பூட்டுகள் காப்பது வானலையையன்று, பூட்டியோரின் பிழைகளையேயாம்.